ப்ரொடக்‌ஷன் ஷெட்யூலிங்குக்கு மெட்டாஹியூரிஸ்டிக் அல்காரிதம் யூஸ் பண்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூரு பீன்யால ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டற மெஷின்) ஜாப் ஷாப்ல, அதாவது ஒவ்வொரு ஜாபும் வேற வேற மெஷின் வரிசைல போற ஷாப்ல, நான் ப்ளானிங் பார்க்கறேன். லேத், விஎம்சி (மில்லிங் மெஷின்), கிரைண்டிங் எல்லாம் சேத்து 9 மெஷின், ரெண்டு ஷிஃப்ட், எப்பவும் கையில 50, 60 ஜாப் கார்டு இருக்கும். திங்கக்கிழமை காலைல வெள்ளை போர்டுல மார்க்கர்ல ப்ளான் எழுதுவோம், செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒரு அவசர ஆர்டர் வரும், இல்ல ஒரு இன்செர்ட் (வெட்டுற டூலோட முனை) உடையும், போர்டுல பாதி அழிச்சு எழுதியாகணும், அதுக்கப்புறம் அந்த வாரம் முழுக்க யார் சத்தமா கத்துறாங்களோ அவங்க ஜாப் தான் மெஷின்ல ஏறும். இதுல இருந்து வெளிய வரதுக்கு நான் மெட்டாஹியூரிஸ்டிக் பக்கம் போனேன், அதாவது எல்லா வழியையும் பார்க்காம, ஒரு ப்ளானை மாத்தி மாத்தி பார்த்து நல்லதா ஒன்னை தேடுற கம்ப்யூட்டர் முறைகள். நம்மள மாதிரி சின்ன யூனிட்ல இருக்கறவங்களுக்கு, கொஞ்சம் பைதான் தெரிஞ்சா போதும்ங்கற அளவுல, ஆரம்பத்துல இருந்து எழுதறேன்.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். அல்காரிதம் பண்றது தேடுற வேலை மட்டும் தான். ஒரு ப்ளானை கையில குடுத்தா "இது நம்ம ஷாப்ல நடக்குமா, நடந்தா எவ்ளோ நல்லது"ன்னு சரியா சொல்ற ஒரு கணக்கு வேணும், அது தப்பா இருந்தா உலகத்துலயே பெரிய அல்காரிதம் போட்டாலும் தப்பான ப்ளானை தான் ரொம்ப வேகமா கண்டுபிடிச்சு குடுக்கும். என் நேரத்துல முக்கால்வாசி அந்த கணக்குக்கு தான் போச்சு, உங்களுக்கும் அப்படித்தான் போகும், போகட்டும்.

ஏன் கையால முடியல

ஒரே மெஷின்ல 10 ஜாப்ப எந்த வரிசைல ஓட்டலாம்னு பார்த்தா 36,28,800 வழி இருக்கு. 10 ஜாப், 10 மெஷின்னா, நடக்கவே முடியாத வரிசையையும் சேத்து எண்ணினா 4-க்குப் பின்னாடி 65 சைபர் கிட்ட போகுது. எல்லாத்தையும் பார்த்து முடிக்க எந்த கம்ப்யூட்டராலயும் ஆகாது. 1963-ல ஃபிஷரும் தாம்ப்ஸனும் வெளியிட்ட 10 ஜாப் 10 மெஷின் கணக்கு ஒன்னு இருக்கு, எஃப்டி10-ன்னு சொல்வாங்க, அதுக்கு சரியான விடை 930-ன்னு நிரூபிக்க 1989 வரைக்கும் ஆச்சு, கார்லியரும் பின்சனும் பண்ணாங்க. வெறும் 100 ஆபரேஷனுக்கே 26 வருஷம்! இந்த வகை கணக்கை, அதாவது பெருசானா வேகமா சரியான விடை தர வழி இதுவரைக்கும் யாருக்கும் தெரியாததை, என்பி-ஹார்ட்னு சொல்றாங்க, ஜாப் ஷாப்ல மூணு மெஷின் இருந்தாலே அந்த வகைக்குள்ள வந்துடும்.

அதனால மெட்டாஹியூரிஸ்டிக் "இதுதான் பெஸ்ட்"னு கேரண்டி தராது. ஒரு நல்ல ப்ளானை, டீ குடிச்சிட்டு வர நேரத்துல தரும். அந்த பேரை 1986-ல ஃப்ரெட் க்ளோவர் வெச்சார்.

இன்னொன்னு, உங்க ஷாப்ல எல்லா ஜாபும் ரெண்டே மெஷின்ல, எல்லாமே முதல் மெஷின் அப்புறம் ரெண்டாவது மெஷின்னு ஒரே திசைல போகுதுன்னா, மொத்த வேலையும் சீக்கிரம் முடிஞ்சா போதும்னா, இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். 1954-ல ஜான்ஸன் ஒரு விதி குடுத்திருக்கார்: மிச்சம் இருக்கற நேரங்கள்லயே சின்னத எடுங்க, அது முதல் மெஷின்ல இருந்தா அந்த ஜாப்ப வரிசைக்கு முன்னாடி போடுங்க, ரெண்டாவதுல இருந்தா கடைசில போடுங்க, இப்படியே முடியற வரைக்கும். சரியான விடையே வரும், பேப்பர்லயே முடிஞ்சிரும்.

படி 1: டேட்டா

ஒவ்வொரு ஜாபுக்கும் ரூட் (எந்த மெஷின் அப்புறம் எந்த மெஷின்), ஒரு பீஸுக்கு சைக்கிள் டைம், எத்தனை பீஸ், செட்டிங் டைம் (ஜாப் மாறும்போது மெஷினை ரெடி பண்ற நேரம்), டெலிவரி தேதி, மெட்டீரியல் எப்ப வரும். கேக்க சிம்பிளா இருக்கும், ஆனா ரூட் கார்டுல எழுதியிருக்கற சைக்கிள் டைமை அப்படியே நம்பிடாதீங்க. எங்ககிட்ட ஒரு எஸ்எஸ் 304 புஷ்ஷுக்கு 6 நிமிஷம்னு இருந்துச்சு, நான் ஸ்டாப்வாட்ச் வெச்சு மெஷின் பக்கத்துல நின்னு பார்த்தா 8 நிமிஷம் 40 செகண்ட் வருது, ஏன்னா ஆபரேட்டர் ஒவ்வொரு பீஸையும் எடுத்து சிப் ஊதி, கேஜ் போட்டு செக் பண்ணி, அப்புறம் தான் அடுத்தத ஏத்தறார், அது எதுவும் கார்டுல இல்ல. 200 பீஸ்னா 20 மணி நேரம்னு நாம போட்டது கிட்டத்தட்ட 29 மணி நேரம் ஆகுது, ஒரு முழு ஷிஃப்ட்டுக்கு மேல காணாம போகுது. எல்லா ஜாபுக்கும் நின்னு பார்க்க முடியாது, ஆனா அதிகமா ஓடுற 15, 20 ஜாபுக்கு கண்டிப்பா நின்னு பாருங்க.

செட்டிங் டைம் இன்னும் முக்கியம். அது முன்னாடி என்ன ஜாப் ஓடுச்சுங்கறதை பொறுத்து மாறும். ஒரே காலெட்ல (பீஸைப் பிடிக்கற பிடி) அடுத்த ஜாபும் போச்சுன்னா 20 நிமிஷம், சக் (பெரிய பிடி) மாத்தி அதோட சாஃப்ட் ஜாவை பீஸ் அளவுக்கு போர் பண்ணணும்னா ஒன்னரை மணி நேரம். ஜாப்களை ஒரு 6, 7 குடும்பமா பிரிச்சு, எந்த குடும்பத்துல இருந்து எந்த குடும்பத்துக்கு மாத்த எவ்ளோ நேரம்னு ஒரு சின்ன கட்டம் போட்டுக்கோங்க.

படி 2: எது நல்ல ப்ளான்?

புக்ல எல்லாம் மேக்ஸ்பான், அதாவது கடைசி ஜாப் எப்ப முடியுதுங்கற ஒரே நம்பரை குறைப்பாங்க. ஷாப்ல அது மட்டும் போதாது. நம்ம கஸ்டமர்ல ஒருத்தருக்கு 4 மணி நேரம் லேட்டானா அவங்க அசெம்ப்ளி லைனே நின்னுரும், இன்னொருத்தர் ஸ்டாக்குக்கு வாங்கறார், ரெண்டு நாள் லேட்டானாலும் போன் கூட வராது. அதனால ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு வெயிட் வெச்சேன்: லைன் நிக்கிறவங்களுக்கு 10, சாதாரணத்துக்கு 3, ஸ்டாக்குக்கு 1. எத்தனை மணி நேரம் லேட்டோ அதை வெயிட்டால பெருக்கி கூட்டு, மொத்த செட்டிங் மணி நேரத்தை அதோட சேரு, வர்றது தான் ப்ளானோட காஸ்ட். குறைவா இருந்தா நல்ல ப்ளான். இந்த 10, 3, 1-ஐ நீங்களா முடிவு பண்ணாதீங்க, ஓனரையும் டிஸ்பேட்ச் பார்க்கறவரையும் ஒன்னா உக்கார வெச்சு கேளுங்க.

படி 3: கையால ஒரு சின்ன கணக்கு

கோடு எழுதறதுக்கு முன்னாடி இதை ஒரு பேப்பர்ல போட்டு பாருங்க, மெட்டாஹியூரிஸ்டிக் எதுக்குன்னு இதுலயே புரிஞ்சிரும். மூணு ஜாப், மூணு மெஷின், காஸ்டுக்கு பதிலா மேக்ஸ்பான் மட்டும்.

ஷாஃப்ட்: லேத் 3 மணி, விஎம்சி 2 மணி, கிரைண்டிங் 2 மணி.
ப்ளேட்: விஎம்சி 4 மணி, கிரைண்டிங் 3 மணி.
புஷ்: லேத் 2 மணி, கிரைண்டிங் 4 மணி.

வந்த வரிசைல ஓட்டினா, லேத்துல முதல்ல ஷாஃப்ட் அப்புறம் புஷ், விஎம்சில முதல்ல ப்ளேட் அப்புறம் ஷாஃப்ட், கிரைண்டிங்ல ப்ளேட் 4-ல இருந்து 7, புஷ் 7-ல இருந்து 11, ஷாஃப்ட் 11-ல இருந்து 13. மொத்தம் 13 மணி நேரம்.

இதை இன்னும் நல்லா பண்ண, ஏதாவது ஒரு மெஷின்ல அடுத்தடுத்து நிக்கிற ரெண்டு ஜாப்ப இடம் மாத்தி பார்க்கலாம். அப்படி மொத்தம் 4 மாத்தம் தான் இருக்கு. லேத்துல புஷ்ஷை முன்னாடி கொண்டு வந்தா 13-லயே நிக்குது. விஎம்சில ஷாஃப்டை முன்னாடி விட்டா 18 ஆகுது. கிரைண்டிங்ல கடைசி ரெண்டை மாத்தினா அதே 13. கிரைண்டிங்ல புஷ்ஷை ப்ளேட்டுக்கு முன்னாடி விட்டா 14, இன்னும் மோசம். எதுவுமே குறையல, அனுபவம் உள்ள ப்ளானர் கூட "இதுக்கு மேல குறையாதுப்பா"ன்னு சொல்லிட்டு போயிடுவார்.

ஆனா அந்த 14-ஐ ஏத்துக்கிட்டு, அங்க இருந்து லேத்துலயும் புஷ்ஷை முன்னாடி விடுங்க. புஷ் லேத்துல 0-ல இருந்து 2, உடனே கிரைண்டிங் 2-ல இருந்து 6, ப்ளேட் கிரைண்டிங் 6-ல இருந்து 9, ஷாஃப்ட் லேத் 2-ல இருந்து 5, விஎம்சி 5-ல இருந்து 7, கிரைண்டிங் 9-ல இருந்து 11. மொத்தம் 11 மணி நேரம்! கிரைண்டிங்ல மட்டுமே 9 மணி நேர வேலை இருக்கு, 2-வது மணிக்கு முன்னாடி எந்த ஜாபும் அங்க வந்து சேர முடியாது, அதனால 11-க்கு கீழ போகவே முடியாது.

மோசமா தெரியற ஒரு படியை தாண்டி அந்த 11 கிடைச்சுது. எல்லா மெட்டாஹியூரிஸ்டிக்கும், பேர் எதுவா இருந்தாலும், இந்த தாண்டுற வேலையை எப்ப பண்ணலாம் எப்ப பண்ணக்கூடாதுங்கறதுக்கு ஒவ்வொரு வழி வெச்சிருக்கு, அவ்ளோதான்.

படி 4: ப்ளானை எப்படி எழுதறது, எப்படி பிரிக்கறது

கம்ப்யூட்டருக்கு ப்ளானை ஒரு லிஸ்டா குடுக்கணும். எனக்கு ஒத்து வந்த முறை, ஒவ்வொரு ஜாபோட பேரையும் அதுக்கு எத்தனை ஆபரேஷனோ அத்தனை தடவை எழுதறது. "ஷாஃப்ட், ப்ளேட், புஷ், ஷாஃப்ட், ப்ளேட், புஷ், ஷாஃப்ட்"னு ஒரு லிஸ்ட். முதல் தடவை ஷாஃப்ட் வந்தா அதோட முதல் ஆபரேஷன், ரெண்டாவது தடவை வந்தா ரெண்டாவது ஆபரேஷன். இதுல பெரிய சௌகரியம் என்னன்னா லிஸ்டை எப்படி கலைச்சாலும் ரூட் வரிசை உடையவே உடையாது, அதாவது லேத்துக்கு முன்னாடி கிரைண்டிங் வர மாதிரி ப்ளான் வராது.

இந்த லிஸ்டை இடமிருந்து வலமா படிச்சு, ஒவ்வொரு ஆபரேஷனையும் ஜாபும் ஃப்ரீ, மெஷினும் ஃப்ரீங்கற முதல் நேரத்துல போட்டுக்கிட்டே போற ஃபங்‌ஷன் தான் டீகோடர். மேல சொன்ன லிஸ்டை போட்டா 13 வரணும். "ஷாஃப்ட், ஷாஃப்ட், ஷாஃப்ட், ப்ளேட், ப்ளேட், புஷ், புஷ்" போட்டா 16 வரணும். இந்த ரெண்டும் வரலைன்னா அடுத்த படிக்கு போகாதீங்க.

ஷிஃப்ட் நேரம், லஞ்ச், ஞாயித்துக்கிழமை, ஹீட் ட்ரீட்மெண்டுக்கு வெளிய போற டெம்போ நேரம் எல்லாம் இந்த டீகோடர்ல தான் வரணும். இங்க தான் நான் பெரிய பாடம் கத்துக்கிட்டேன். என்னோட முதல் ப்ளான் வந்தப்ப பேப்பர்ல ரொம்ப அழகா இருந்துச்சு, லேட் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, சந்தோஷமா ப்ரிண்ட் எடுத்து எங்க செட்டர் அண்ணன்கிட்ட குடுத்தேன். தர்மபுரிக்காரர், 22 வருஷமா லேத் பக்கத்துலயே இருக்கறவர். கண்ணாடிய போட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் பார்த்தார், அப்புறம் விரலால மூணு இடத்தை தொட்டு காட்டினார்.

"தம்பி, 10 மணிக்கு 2-ம் நம்பர் மெஷின்ல சாஃப்ட் ஜா போர் பண்ணணும், 10 மணிக்கே 4-ம் நம்பர், 10:15-க்கு 5-ம் நம்பர். எனக்கு கை ரெண்டு தானே?"

"அண்ணே, அத நான் யோசிக்கவே இல்லண்ணே."

"மெஷினை எல்லாம் எண்ணிட்ட, என்னை எண்ணலயே தம்பி."

அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஷாப்ல 9 மெஷின் இருந்தாலும் பெரிய செட்டிங் பண்ண ஒரு ஆள் தான். அன்னைக்கே டீகோடர்ல செட்டரையும் ஒரு மெஷின் மாதிரி சேத்தேன், செட்டிங் ஆரம்பிக்கணும்னா மெஷினும் ஃப்ரீயா இருக்கணும், அண்ணனும் ஃப்ரீயா இருக்கணும். ப்ளானோட காஸ்ட் ஏறிடுச்சு, ஆனா அது தான் நிஜமான காஸ்ட். உங்க ஷாப்லயும் இப்படி எண்ணாம விட்ட ஒன்னு இருக்கும், ஒரே ஃபிக்ஸ்சர், ஒரே க்ரேன், ஒரே சிஎம்எம் (அளவு பார்க்கற மெஷின்) இன்ஸ்பெக்டர். ப்ளானை ஃப்ளோர்ல இருக்கறவங்ககிட்ட காட்டி கேட்டா தான் அது வெளிய வரும்.

படி 5: சிமுலேட்டட் அனீலிங்ல ஆரம்பிங்க

முதல் தடவைன்னா இதையே எடுங்க, 40, 50 வரி கோடுல முடிஞ்சிரும். 1983-ல கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி மூணு பேரும் கொண்டு வந்தது, உலோகத்தை சூடாக்கி மெதுவா ஆற விடுற அனீலிங்ல இருந்து எடுத்த ஐடியா, ஹீட் ட்ரீட்மெண்ட் தெரிஞ்ச நமக்கு சுலபமா புரியும்.

கையில ஒரு ப்ளான் வெச்சுக்கோங்க. லிஸ்ட்ல ரெண்டு இடத்தை மாத்துங்க, இல்ல ஒன்னை பிடுங்கி வேற இடத்துல சொருகுங்க. டீகோட் பண்ணி காஸ்ட் பாருங்க. குறைஞ்சா ஏத்துக்கோங்க. ஏறினா, எவ்ளோ ஏறுச்சோ அதை டெம்பரேச்சரால (நாமளே வெச்சு போகப்போக குறைக்கற ஒரு நம்பர்) வகுத்து, மைனஸ் போட்டு, எக்ஸ்பொனென்ஷியல் எடுங்க, அது தான் ஏத்துக்கற வாய்ப்பு. நம்ம சின்ன கணக்குல 13-ல இருந்து 14-க்கு போகணும், ஏறுனது 1. டெம்பரேச்சர் 2-ஆ இருந்தா வாய்ப்பு 0.61, அதாவது 100-ல 61 தடவை ஏத்துக்கும். டெம்பரேச்சர் 0.2-க்கு வந்துட்டா வாய்ப்பு 0.0067, 1000-ல 7 தடவை கூட இல்ல. ஆரம்பத்துல தாராளமா அலையும், போகப்போக பிடிவாதமாயிடும்.

ஆரம்ப டெம்பரேச்சர் எவ்ளோன்னு நிறைய பேர் மாட்டிக்குவாங்க. ஒரு 200 மாத்தம் சும்மா பண்ணி பாருங்க, காஸ்ட் ஏறின மாத்தங்களோட சராசரி ஏத்தம் எவ்ளோன்னு எடுங்க, அதை 0.22-ஆல வகுத்தா வர்றதை வெச்சுக்கோங்க, அப்ப சராசரியா மோசமான ஒரு மாத்தத்தை ஆரம்பத்துல 100-ல 80 தடவை ஏத்துக்கும். அப்புறம் ஒவ்வொரு டெம்பரேச்சர்லயும் சில நூறு மாத்தம் பண்ணிட்டு 0.95-ஆல பெருக்கி குறைங்க. 100 தடவை குறைச்சா ஆரம்பத்துல இருந்ததுல 170-ல ஒரு பங்குக்கு வந்துரும், அங்க நிறுத்தலாம். வழில பார்த்த பெஸ்ட் ப்ளானை தனியா எடுத்து வெக்க மறக்காதீங்க, இதை மறந்து ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

ஆரம்ப ப்ளானா ரேண்டம் லிஸ்ட் குடுக்கறதை விட, டெலிவரி தேதி சீக்கிரம் உள்ளது முதல்லங்கற வரிசையை குடுங்க.

படி 6: ஜெனெடிக் அல்காரிதம், டாபு சர்ச்

ஜெனெடிக் அல்காரிதம் ஜான் ஹாலண்ட் 1975-ல புக்கா எழுதினது, ஒரு ப்ளானுக்கு பதிலா 50, 100 ப்ளானை வளர்க்கும், நல்ல ரெண்டை சேத்து புதுசு உண்டாக்கும். ஷெட்யூலிங்ல எல்லாரும் சறுக்குற இடம் அந்த சேக்கற இடம் தான். 16 வந்த லிஸ்டோட முதல் 3-ஐயும் 13 வந்த லிஸ்டோட கடைசி 4-ஐயும் வெட்டி ஒட்டினா ஷாஃப்ட் 5 தடவை வருது, ப்ளேட்டும் புஷ்ஷும் ஒவ்வொரு தடவை தான், அது ப்ளானே இல்ல. அதுக்கு பதிலா, 13 லிஸ்ட்ல புஷ் எங்கெங்க இருக்கோ (3-வது, 6-வது இடம்) அதை அப்படியே வெச்சுக்கோங்க, மிச்ச இடத்தை 16 லிஸ்ட்ல புஷ்ஷை விட்டுட்டு வர வரிசைல நிரப்புங்க: ஷாஃப்ட், ஷாஃப்ட், புஷ், ஷாஃப்ட், ப்ளேட், புஷ், ப்ளேட். எண்ணிக்கை சரியா இருக்கு, டீகோட் பண்ணா 14. அப்பா அம்மா 13-ம் 16-ம், பிள்ளை 14, பரவால்ல. எப்பவும் பெஸ்ட் ஒன்னு ரெண்டை தொடாம அடுத்த தலைமுறைக்கு அனுப்புங்க, கிராஸ்ஓவர் (ரெண்டு ப்ளானை சேக்கறது) 100-ல 80, 90, மியூட்டேஷன் (ஒரு ப்ளானை சும்மா கொஞ்சம் கலைக்கறது) 10 கிட்ட வெச்சு ஆரம்பிங்க. எல்லா ப்ளானும் ஒரே மாதிரி ஆகிப்போச்சுன்னா மியூட்டேஷனை ஏத்துங்க.

டாபு சர்ச் க்ளோவரோடது. சுத்தி இருக்கற மாத்தங்கள்ல இருக்கறதுலயே நல்லத எடுக்கும், அது மோசமா இருந்தாலும், ஆனா இப்பத்தான் பண்ண மாத்தத்தை கொஞ்ச நேரத்துக்கு திருப்பி பண்ண விடாது. 1996-ல நொவிக்கியும் ஸ்முட்னிக்கியும் ஜாப் ஷாப்புக்கு போட்ட டாபு ரொம்ப வேகமானது, மொத்த நேரத்தை தீர்மானிக்கிற க்ரிட்டிக்கல் பாத்ல இருக்கற ஆபரேஷன்களை மட்டும் தான் அது தொடும், மத்ததை மாத்தி மேக்ஸ்பான் குறையாதுங்கறதால. ஆனா நம்ம காஸ்ட்ல லேட், செட்டிங், செட்டர் எல்லாம் கலந்திருக்கறதால அந்த சுருக்கு வழியை அப்படியே போட முடியாது.

எது பெஸ்ட்னு கேட்டா, 1997-லயே வோல்பெர்ட்டும் மெக்ரெடியும் எல்லா கணக்குக்கும் ஒரே அல்காரிதம் பெஸ்ட்டா இருக்க முடியாதுன்னு நிரூபிச்சிட்டாங்க. ஓநாய், திமிங்கலம், வவ்வால்னு புதுசு புதுசா பேர்ல வர்றதுக்கு பின்னாடி ஓடாதீங்க, என் அபிப்ராயத்துல அந்த நேரத்தை டீகோடருக்கு குடுத்தா பத்து மடங்கு பலன்.

படி 7: டெஸ்ட்

அதே ஃபிஷர், தாம்ப்ஸன் கணக்குல சின்னது எஃப்டி06, 6 ஜாப் 6 மெஷின், விடை 55. உங்க கோடு அதை சில செகண்ட்ல தொடணும். 55-க்கு கீழ வந்தா சந்தோஷப்படாதீங்க, டீகோடர்ல ஏதோ தப்புன்னு அர்த்தம், ரெண்டு ஜாப் ஒரே நேரத்துல ஒரே மெஷின்ல உக்காந்திருக்கலாம். எஃப்டி10-ல 930-க்கு சில பர்சண்ட் பக்கத்துல வந்தாலே போதும்.

அப்புறம் உங்க பழைய வார டேட்டாவை போட்டு, ரேண்டம் சீடு (ரேண்டம் நம்பர் எங்க இருந்து ஆரம்பிக்கணும்ங்கற எண்) மாத்தி மாத்தி 20, 30 தடவை ஓட்டுங்க. பெஸ்ட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, நடுவுல வர்றதையும் மோசமானதையும் பாருங்க, ஏன்னா திங்கக்கிழமை காலைல ஒரு தடவை தான் ஓட்டுவோம். அதே எண்ணிக்கைக்கு வெறும் ரேண்டம் லிஸ்ட், டெலிவரி தேதி வரிசை, இதையெல்லாம் பக்கத்துல வெச்சு கம்பேர் பண்ணுங்க. கூகுளோட ஓஆர்-டூல்ஸ்ல சிபி-சாட்னு ஒரு இலவச சால்வர் இருக்கு, அதையும் கட்டாயம் ஓட்டி பாருங்க, கணக்கு சின்னதா இருந்தா அது நிரூபணத்தோடயே விடை குடுத்துரும், அப்ப நீங்க கோடே எழுத வேண்டாம். எங்களுக்கு செட்டிங் கட்டமும் செட்டரும் சேந்ததுல அனீலிங் எழுதறதும் மாத்தறதும் சுலபமா இருந்துச்சு, அதனால அதுலயே நின்னுட்டோம்.

படி 8: ஃப்ளோர்ல இறக்கறது

மெஷின் ப்ரேக்டவுன் ஆனா திரும்ப ஓட்டணும், ஆனா ஒவ்வொரு தடவையும் முழு ப்ளானும் தலைகீழா மாறினா ஆபரேட்டர் யாரும் அதை மதிக்க மாட்டாங்க, அது நியாயமும் கூட, காலைல டூல் எடுத்து ரெடி பண்ணி வெச்சவரை மத்தியானம் வேற ஜாப் போடுன்னா கோவம் வராதா. அதனால அடுத்த 8 மணி நேரத்தை பூட்டிருங்க, அல்காரிதம் அதை தொடக்கூடாது. அதுக்கு அப்புறம் இருக்கறதுல பழைய ப்ளான்ல இருந்து மெஷின் வரிசைல இடம் மாறின ஒவ்வொரு ஜாபுக்கும் காஸ்ட்ல ஒரு சின்ன அபராதம் சேருங்க. புது தேடலை பழைய ப்ளான்ல இருந்தே குறைஞ்ச டெம்பரேச்சர்ல ஆரம்பிங்க, வேகமாவும் முடியும், அதிகமா மாறவும் செய்யாது.

ப்ளானை பெரிய ஸ்க்ரீன்ல கலர் கலரா காட்ட நானும் ஆசைப்பட்டேன், ஆனா ஃப்ளோர்ல வேலைக்கு ஆனது ஒரு ஏ4 பேப்பர் தான். மெஷினுக்கு ஒரு ஷீட், அதுல அடுத்த 4 ஜாப், ஜாப் கார்டு நம்பர், ஆரம்பிக்கற நேரம், எந்த ஜா, எந்த ஃபிக்ஸ்சர், கன்னடத்துலயும் தமிழ்லயும். ஓரத்துல ஒரு காலி கட்டம், நிஜமா எப்ப ஆரம்பிச்சாங்கன்னு ஆபரேட்டரே பேனால எழுத. சாயந்தரம் அந்த கட்டத்தை எடுத்து என் டேட்டால ஏத்தறேன், சைக்கிள் டைம் தானா சரியாகிக்கிட்டே வருது. அண்ணனுக்கு மட்டும் தனியா ஒரு ஷீட், இன்னைக்கு எந்தெந்த மெஷின்ல எத்தனை மணிக்கு செட்டிங்னு வரிசையா. காலைல முதல் ஷிஃப்டுக்கு முன்னாடி அதை வாங்கி சட்டை பாக்கெட்ல மடிச்சு வெச்சுக்கிட்டு தான் ஃப்ளோருக்குள்ள போறார்.